குறண்டி அட்டோபவாசி படாரர்: வாழ்வும் நெறியும் ஆசிரிய மரபும்

முன்னுரை

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியை ஒட்டி நீளும் சமணர்மலைத் தொடரில் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பல உள்ளன. அவற்றின்கீழ் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில் ஒரு துறவியின் பெயர் மீண்டும் வருகிறது. அவர் எந்தத் திருவுருவத்தையும் செய்வித்தவராகக் குறிக்கப்படவில்லை. ஓரிடத்தில் செய்வித்தவரின் ஆசிரியராகவும், மற்றோரிடத்தில் அவ்வாசிரியருக்கும் ஆசிரியராகவும் அவர் சுட்டப்பெறுகிறார். வெண்பு நாட்டுக் குறண்டியைச் சார்ந்த அட்டோபவாசி படாரர் என்பதே அப்பெயர்.

பாண்டிய நாட்டுச் சமணக் கல்வெட்டுகளை ஆராய்ந்தோர் எவரும் இப்பெயரைக் கடந்து சென்றதில்லை. ஆயினும் அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் மாணாக்கர் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. அவர் பெயர், பெயரோடு இணைந்த பள்ளி, மாணாக்கர் வரிசை, அம்மாணாக்கர் செய்வித்த திருவுருவங்கள், திகம்பரத் துறவு ஒழுக்கம் ஆகிய ஐந்தையும் ஒருங்கு வைத்து நோக்கினால், அவருடைய வாழ்வின் வடிவத்தை ஓரளவு வரைய இயலும். அவ்வாறு வரைவதும், அவ்வாழ்வுக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியாகிய வறண்ட நிலத்துக்கும் இடையிலான உறவைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெண்பு நாடும் குறண்டியும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் மல்லாங்கிணறு, காரியாபட்டி, ஆவியூர் முதலிய ஊர்களைக் கொண்ட பகுதி பெரும்பாலும் கரிசலும் செவலும் கலந்த மானாவாரி நிலம். கண்மாய் நிறைந்தால் விளைச்சல், இல்லையேல் ஊரே வாடும் என்பது இங்குள்ள வேளாண்மையின் நிலை. திருச்சுழி வழியாகச் செல்லும் குண்டாறும் மழைக்காலத்தில் மட்டும் நீர் காண்பது. இடைக்காலக் கல்வெட்டுகளில் வெண்பு நாடு என்று வழங்கப்பெற்ற நிலப்பிரிவு இப்பகுதியைச் சார்ந்ததாகும். அதனுள் அடங்கிய குறண்டி, ஆவியூருக்கு அருகில் இன்றும் குரண்டி என்னும் பெயருடன் உள்ளது. குறண்டி என்பது முட்செடி வகை ஒன்றின் பெயர். நிலத்தின் இயல்பே ஊர்ப்பெயராயிற்று என்று கொள்ள இது இடந்தருகிறது.

இவ்வூரில் இருந்த சமணப்பள்ளி திருக்காட்டாம்பள்ளி எனப்பட்டது. காட்டை ஒட்டி அமைந்த பள்ளி என்று இப்பெயரை விளக்கலாம். குறண்டிப் பள்ளி பராந்தக பருவதம் என்றும் ஸ்ரீவல்லபப் பெரும்பள்ளி என்றும் கல்வெட்டுகளில் சிறப்பிக்கப்படுகிறது. இவ்விரண்டும் பாண்டிய வேந்தர் பெயர்களையொட்டி எழுந்தவை. மழையை நம்பியிருந்த ஒரு நாட்டுப்புறத்துப் பள்ளி அரசர் பெயரை ஏற்றிருப்பதும் பெரும்பள்ளி என்னும் தகுதியைப் பெற்றிருப்பதும் கருதத்தக்கன. குறண்டி ஒதுக்குப்புறமான தவச்சாலையாக மட்டும் இருந்திருப்பின், அரசின் கவனத்தை இவ்வளவு ஈர்த்திராது. துறவியரைப் பயிற்றிப் பிற இடங்களுக்கு அனுப்பிய கல்விநிலையமாக அது விளங்கியது என்பதை மாணாக்கர் வரிசை காட்டுகிறது.

காலம்

அட்டோபவாசி படாரர் பெயர் வரும் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு குறிக்கப்பெறவில்லை. எழுத்தமைதியும் பள்ளிப் பெயர்களுமே காலத்தை வரையறுக்க உதவுவன. ஸ்ரீவல்லபன் என்னும் பெயர் 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் ஆண்ட ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனை நினைவூட்டுகிறது. பராந்தகன் என்னும் பெயரை நெடுஞ்சடையனும் பூண்டிருந்தான். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீரநாராயணனும் பூண்டிருந்தான். ஸ்ரீவல்லபன் பெயரோடு சேர்த்துக் காணும்போது வீரநாராயணனே பொருந்துவான். எனவே அட்டோபவாசி 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்றும், அவர் மாணாக்கரும் மாணாக்கரின் மாணாக்கரும் அந்நூற்றாண்டின் இறுதியிலும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செயற்பட்டவர் என்றும் கொள்வது ஏற்புடையது.

அந்நூற்றாண்டின் சமய நிலையை இங்குக் கருத வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் மதுரையில் சமணம் வீழ்ந்தது என்பது பக்தி மரபு கூறும் வரலாறு. ஆனால் ஸ்ரீமாறன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் குடைவரைக்குத் திருப்பணி செய்தான். சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், இரண்டாம் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் ஐவர்மலையில் பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்து 505 காணம் பொன் அளித்தார். கழுகுமலையில் தச்சரும் கொல்லரும் குயவரும் கூடத் திருவுருவங்கள் செய்வித்தனர். சுந்தரர் பாடிய திருச்சுழியும் சமணப் பெரும்பள்ளி விளங்கிய குறண்டியும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருந்தன. அட்டோபவாசி தோன்றிய காலம் சமணம் மீண்டும் தழைத்த காலமாகும்.

பெயரும் நோன்பும்

படாரர் என்பது பட்டாரகர் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். மதிப்புக்குரிய ஆசிரியரைக் குறிப்பது. அட்டோபவாசி என்பது எட்டு நோன்பு நோற்பவர் என்று பொருள்படும். இது தீட்சைப் பெயர் ஆகாது. நோன்பினால் வாய்த்த சிறப்புப் பெயர். குணசேனர், கனகநந்தி, மாகநந்தி என்பன போன்ற தீட்சைப் பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். அதனை மறைத்து நோன்பின் பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய பிறந்த ஊரும் பெற்றோரும் குடியும் கல்வெட்டுகளில் இடம்பெறவில்லை. துறவு பூண்டவர் முன்னைய வாழ்வின் அடையாளங்களைக் களைவது முறை. அட்டோபவாசியோ துறவில் பெற்ற பெயரையும் இழந்து, தவத்தின் பெயராகவே எஞ்சியுள்ளார்.

எட்டு நோன்பு என்பது அட்டமிதோறும் நோற்கும் நோன்பா, இடைவிடாது எட்டு நாள் நோற்கும் நோன்பா என்னும் வினா எழலாம். அட்டமியிலும் பதினான்காம் பிறைநாளாகிய சதுர்த்தசியிலும் உண்ணாதிருத்தல் இல்லறத்தார்க்கே விதிக்கப்பட்ட விரதம். இல்லறத்தார் நோற்கும் ஒன்றால் துறவி ஒருவர் தனிச்சிறப்புப் பெறுதல் இயலாது. ஆகவே இடைவிடாத எட்டு நாள் நோன்பையே இப்பெயர் குறிப்பதாகக் கொள்ளவேண்டும். கன்னட நாட்டுச் சாசனங்களிலும் இப்பட்டம் துறவியர்க்கு வழங்குவதைக் காணலாம். திகம்பர நெறியில் உபவாசம் என்பது உணவை மட்டும் விலக்குவதன்று. பருகுவனவற்றையும் சேர்த்து நால்வகை உண்டியையும் துறப்பதாகும். நீர் அரிதான நிலத்தில், கோடையின் வெம்மையில், நீரும் பருகாது எட்டு நாள் இருத்தல் எத்தகைய தவம் என்பதை வெண்பு நாட்டு மக்கள் எளிதில் உணர்ந்திருப்பர். பருவம் பொய்த்த ஆண்டுகளில் விருப்பமின்றிப் பசித்திருந்தவர் அவர்கள். அவர்கள் நடுவே ஒருவர் விரும்பிப் பசித்திருந்தார். அவருக்கு அத்தவத்தையே பெயராக வழங்கினர்.

இந்நோன்பை உயிர் துறக்கும் நோன்பாகிய சல்லேகனையோடு மயங்கலாகாது. சல்லேகனை வாழ்வின் முடிவில் ஏற்கப்படுவது. அட்டோபவாசம் முடிந்ததும் துறவி பாரணைக்காக இல்லறத்தார் வாயிலுக்கு வருவார். அப்பொழுதும் நின்றபடியே, தம் கைகளையே கலமாகக் கொண்டு, நாளுக்கு ஒருமுறை மட்டும், தமக்கெனச் சமைக்கப்படாத உணவையே ஏற்பார். கொடுப்போர் இன்றி அந்நோன்பு நிறைவுறாது. துறவியின் தவமும் இல்லறத்தாரின் கொடையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இடம் இதுவே.

அறிவுறுத்திய நெறி

அட்டோபவாசி பெயரில் நூல் எதுவும் வழங்கவில்லை. அவர் அறிவுறுத்திய நெறியை அவருடைய ஒழுக்கத்திலிருந்தும் மாணாக்கர் செயலிலிருந்தும் உணரவேண்டும்.

வினை உயிரில் வந்து சேர்வதை ஊற்று என்றும், அதனைத் தடுப்பதைச் செறிப்பு என்றும், சேர்ந்த வினையைக் களைவதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமண நூல்கள் வழங்கும். உதிர்ப்புக்கு வாயில் தவம். அது புறத்தவம், அகத்தவம் என இருவகைப்படும். உண்ணாநோன்பு, குறைத்துண்ணல், ஏற்கும் உணவுக்கு வரையறை செய்தல், சுவை துறத்தல், தனித்துறைதல், உடல் வருத்தம் பொறுத்தல் என்னும் ஆறும் புறத்தவம். கழுவாய், பணிவு, சான்றோர்க்குத் தொண்டு, நூல் ஓதல், பற்றுவிடல், தியானம் என்னும் ஆறும் அகத்தவம்.

அட்டோபவாசியின் பெயர் புறத்தவத்தின் முதற்கூறாகிய உண்ணாநோன்பைக் குறிக்கிறது. ஆனால் அவர் நிறுவிய மரபில் வெளிப்படுவது அகத்தவமேயாகும். பணிவும் ஆசிரியத் தொண்டும் அம்மரபின் உயிர்நிலைகள். மாணாக்கர் தம் பெயரை எழுதுமுன் ஆசிரியர் பெயரை எழுதினர். ஆசிரியர்க்கு ஆசிரியர் பெயரையும் எழுதினர். உடல் ஒறுத்தலையே அவர் முதன்மையாகக் கற்பித்திருப்பின், மாணாக்கருள் ஒருவரேனும் அப்பட்டத்தைப் போற்றி ஏற்றிருக்கக்கூடும். குணசேனர் தேவர் என்றும், மாகநந்தி பெரியார் என்றும், கனகவீரர் பெரியடிகள் என்றும் அழைக்கப்பட்டனர். நோன்பின் பெயர் ஆசிரியரோடு நின்றது; மாணாக்கர் ஏற்றுச் சென்றது கல்விப் பணியாகும்.

மாணாக்கர் மரபு

அட்டோபவாசியின் நேர் மாணாக்கருள் இருவர் சமணர்மலைக் கல்வெட்டுகளால் அறியப்படுகின்றனர். ஒருவர் குணசேனதேவர், மற்றவர் மாகநந்திப் பெரியார். குணசேனதேவரின் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இவர் அமிர்தபராக்கிரம நல்லூர் என்னும் மறுபெயருடைய குயிற்குடி ஊரார் பேரால் திருவுருவம் ஒன்றைச் செய்வித்தார். மாகநந்தி நாட்டாற்றுப்புறத்து நாட்டார் பேரால் மற்றொன்றைச் செய்வித்தார். இவற்றைக் காக்கும் பொறுப்பு பள்ளிச்சிவிகையார் என்னும் குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளிக்குரிய சிவிகையைத் தாங்கியோர் என்றும், அரசர் சிவிகையைத் தாங்கிய படைப்பிரிவினர் என்றும் இத்தொடரைப் பொருள் கொள்ளலாம்.

இவ்விரு கல்வெட்டுகளிலும் காணப்படும் பொதுத்தன்மை இம்மரபின் கொள்கையை விளக்குகிறது. திருவுருவத்தைச் செய்வித்தவர் துறவி. ஆயினும் அறப்பயன் ஊரார்க்கும் நாட்டார்க்கும் உரியதாக்கப்பட்டது. உடைமையற்ற துறவி பொருளை மட்டுமன்றிப் புண்ணியத்தையும் தமதெனக் கொள்ளவில்லை. மேலே ஆசிரியர், கீழே ஊரார், இடையில் தம் பெயர் என்னும் இவ்வமைப்பு, பற்றறுத்தல் என்னும் கொள்கை கல்வெட்டு வாசகமாகவே வடிவெடுத்ததைக் காட்டுகிறது.

குணசேனதேவர் சமணர்மலைப் பள்ளியின் தலைவராகவும் விளங்கினார் என்று கொள்ளப்படுகிறது. பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டு ஒன்று அப்பள்ளியை உடையவராகக் குணசேனதேவரைச் சுட்டி, அவர் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதரையும், அவர் மாணாக்கர் குணசேனப் பெரியடிகளையும் குறிக்கிறது. ஆசிரியரின் ஆசிரியர் பெயரே மூன்றாம் தலைமுறையில் திரும்ப வருதல் நோக்கத்தக்கது. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்த கனகநந்திப் பெரியடிகளின் வரிசையிலும் இவ்வழக்கம் உண்டு. அவர் மாணாக்கர் அபிநந்தன் படாரர். அவர் மாணாக்கர் அரிமண்டலப் படாரர். இவர்க்குப்பின் மீண்டும் ஓர் அபிநந்தன் படாரர் வந்து செட்டிப்புடவில் திருவுருவம் செய்வித்தார். இல்லறத்தில் பேரன் பாட்டன் பெயரைத் தாங்குதல் தமிழர் வழக்கம். குருதி உறவைத் துறந்தோர் அவ்வழக்கத்தைக் கல்வி உறவில் நிறுவினர் போலும்.

தேனி மாவட்டத்து உத்தமபாளையத்திலும் அட்டோபவாசி என்னும் பட்டமுடைய ஆசிரியர் ஒருவரின் மாணாக்கரான அரிட்டநேமிப் பெரியார் செய்வித்த திருவுருவம் உள்ளது. பட்டம் ஒன்றாயிருப்பதைக் கொண்டு மட்டும் இருவரையும் ஒருவரெனத் துணிதல் முறையாகாது. ஆயினும் மாணாக்கர் திருவுருவம் செய்வித்து ஆசிரியரை நினைவுகூரும் வழக்கு வைகையின் மேல்நிலம்வரை பரவியிருந்தமைக்கு அது சான்றாகும்.

குறண்டியிலிருந்து சமணர்மலை ஏறத்தாழ ஒருநாள் நடைத்தொலைவு. ஊர்தி ஏறாத திகம்பரத் துறவியர் மழைக்கால நான்கு மாதங்களில் ஓரிடத்தில் தங்கி, ஏனைய காலத்தில் நடந்தே திரிந்தனர். வெண்பு நாட்டுப் பள்ளிக்கும் மதுரைக் குன்றுகளுக்கும் இடையில் தலைமுறை தலைமுறையாக இந்நடை தொடர்ந்தது. பெரும்பாலும் நகரமே நாட்டுப்புறத்துக்கு ஆசிரியரை அனுப்பும். இங்கு வறண்ட நாட்டுப்புறம் தலைநகரின் மலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பியது.

அச்சணந்தியும் அட்டோபவாசியும்

இக்காலப் பகுதியில் பாண்டிய நாட்டுச் சமணத்தின் மறுமலர்ச்சிக்குப் பெரிதும் உழைத்தவராகப் போற்றப்படுபவர் அச்சணந்தி. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர் புளியங்குளம், ஐவர்மலை, உத்தமபாளையம் முதலிய இடங்களில் அவர் பெயர் காணப்படுகிறது. சமணர்மலையில் அவர் தாயார் குணமதியார் செய்வித்த திருவுருவமும் உண்டு. துறவு பூண்ட மகனின் பெயரால் தம்மை அடையாளப்படுத்திய அத்தாயின் கல்வெட்டு உள்ளத்தைத் தொடுவது.

இருவரையும் ஒப்பிடின் சமணம் மீண்டும் வேரூன்றிய இரு வழிகள் புலனாகும். அச்சணந்தி தாமே மலைதோறும் சென்று திருவுருவங்களை நிறுவினார். அவர் வாழ்வு பயணத்தால் அறியப்படுவது. அட்டோபவாசி குறண்டியோடு இணைத்தே பேசப்படுகிறார். அவர் வாழ்வு மாணாக்கரால் அறியப்படுவது. முன்னவர் வழி வழிபாட்டிடங்களைப் பெருக்கியது. பின்னவர் வழி அவ்விடங்களில் தொடர்ந்து பணிபுரியும் ஆசிரியர்களை உருவாக்கியது. திருவுருவங்களின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு இம்மறுமலர்ச்சியை மதிப்பிடும்போது, இரண்டாவது வழி போதிய கவனம் பெறாது போகிறது.

பள்ளியின் பிற்காலம்

மலைப்பாறையில் வெட்டிய எழுத்து நிலைத்தது. குறண்டிப் பள்ளியின் கட்டடம் நிலைக்கவில்லை. திருச்சுழியை அடுத்த பள்ளிமடம் காளைநாதசுவாமி கோயிலில் உள்ள கல் ஒன்று, குறண்டித் திருக்காட்டாம்பள்ளித் தேவர்க்கு நெய்யின்பொருட்டு ஆடுகள் அளிக்கப்பட்ட செய்தியைத் தருகிறது. சமணப்பள்ளிக்குரிய அக்கல் குறண்டியிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கோயிற் கட்டுமானத்தில் சேர்க்கப்பட்டது என்பது அறிஞர் கருத்து. பள்ளிமடம் என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டு அவ்வூரிலேயே சமணப்பள்ளி இருந்ததாகக் கூறிவிடலாகாது. அங்குள்ள கல்வெட்டுகள் சுந்தரபாண்டிய ஈச்வரம் என்னும் பள்ளிப்படைக் கோயிலைச் சுட்டுவதால், பெயரிலுள்ள பள்ளி அதனைக் குறிக்கவும் கூடும்.

பெரும்பள்ளி சிதைந்தாலும் இவ்வட்டாரத்தில் சமணம் உடனே மறைந்துவிடவில்லை. அருப்புக்கோட்டைப் பகுதியைச் சார்ந்த கோவிலாங்குளத்தில் முதற் குலோத்துங்க சோழனின் 48ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1118 அளவில், முக்குடையார்க்குக் கோயிலும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்து நிலம் அளித்தனர். அட்டோபவாசிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்குப் பின் நிகழ்ந்த அறம் இது. எனினும் அவர் வாழ்ந்த நெறியின் மறுபக்கத்தை இதில் காணலாம். துறவி எட்டு நாள் நீரும் பருகாது தம்மை அடக்கினார். இல்லறத்தார் வழிப்போக்கர் எவரும் நீரின்றி வாடாதவாறு பந்தல் அமைத்தனர். தனக்கு மறுத்தலும் பிறர்க்கு அளித்தலும் ஒரே அறத்தின் இருகூறுகள் என்பதை வறண்ட நிலத்து மக்கள் அறிந்திருந்தனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. அட்டோபவாசி படாரர் 9ஆம் நூற்றாண்டில் வெண்பு நாட்டுக் குறண்டிப் பள்ளியில் விளங்கிய திகம்பர ஆசிரியர். அவர் பெயர் இடைவிடாத எட்டு நாள் நோன்பினால் அமைந்தது. குணசேனதேவர், மாகநந்திப் பெரியார் ஆகியோர் வழியாக அவர் மரபு மதுரைச் சமணர்மலையில் நிலைபெற்றது. ஊரார் பேரால் அறம் செய்து ஆசிரியர் பேரால் தம்மை அறிவித்துக்கொண்ட மாணாக்கர் செயலே அவர் கற்பித்த நெறிக்குத் தலையாய சான்று.

சமணர்மலைக் கல்வெட்டுகள் மதுரை வரலாற்றின் பகுதியாகவே இதுகாறும் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. பள்ளிமடத்துக் கல்லையும் கோவிலாங்குளத்துக் கல்வெட்டையும் அவற்றோடு இணைத்துப் படிக்கும்போது, மானாவாரி நிலத்துச் சிற்றூர் ஒன்றே அவ்வரலாற்றின் ஊற்றுக்கண்களுள் ஒன்று என்பது தெளிவாகும். குறண்டி, ஆவியூர், மல்லாங்கிணறு, திருச்சுழி வட்டாரத்துக் கோயிற் சுவர்களிலும் மண்டபத் தூண்களிலும் கண்மாய்க் கரைகளிலும் இடம்மாறிக் கிடக்கும் கற்களை ஊர்தோறும் சென்று முறையாகப் பதிவு செய்தல் இதன் அடுத்த பணியாகும். வாழ்நாளில் தமக்கென ஒன்றையும் வைத்துக்கொள்ளாத ஓர் ஆசிரியரின் வரலாறு பிறர் வைத்துச்சென்ற கற்களிலேயே உள்ளது. அவை சிதையுமாயின் அவ்வரலாறும் உடன் சிதையும்.